தேய்ந்த காலணியும் சில பொய்களும்

சென்ற மாதம் செங்கல்பட்டில் எங்கள் வாசகர் சந்திப்பு முடிந்து வெளியே வந்தபோது, வாசலில் கிடந்த என் ஓட்டக் காலணிகளைப் பார்த்து நண்பர் ஒருவர் நின்றுவிட்டார். துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: "சார், இது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கும்?" தெரியாது என்றேன். "எப்படியும் எண்ணூறு தாண்டியிருக்கும். உடனே மாத்திடுங்க. முட்டி போயிடும்."

அதற்குமுன் இரண்டு மணி நேரம் ஒரு நாவலை அவர் பிரித்து மேய்ந்திருந்தார். ஆசிரியர் சொல்வதை ஏன் நம்பவேண்டும், கதைசொல்லியின் நலன் என்ன, எந்தச் சொல் யாருக்காகப் பேசுகிறது என்றெல்லாம் கேட்டு எங்களைத் திணறடித்தவர். அப்படிப்பட்டவர் எண்ணூறு என்ற எண்ணை மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் விழுங்கியிருந்தார். அதை யார் சொன்னார்கள், எதை அளந்து சொன்னார்கள், சொன்னவர்களுக்கு அதில் என்ன லாபம் என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இக்கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் காலணிக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிரதியைச் சந்தேகிக்கக் கற்ற நாம் விலைச்சீட்டைச் சந்தேகிக்காவிட்டால் அந்த வாசிப்புப் பயிற்சிக்குப் பொருள் என்ன என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

முதலில் எண்ணின் பூர்வீகம். முந்நூறிலிருந்து ஐந்நூறு மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 480 முதல் 800 கிலோமீட்டருக்குள் காலணியை மாற்றவேண்டும் என்பது உலகெங்கும் ஓட்டக்காரர்களிடையே புழங்கும் விதி. இதற்கு ஆதரவாக வழக்கமாகக் காட்டப்படுவது 1985இல் அமெரிக்காவில் குக், கெஸ்டர், புரூனே ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு. எந்திரத்தைக் கொண்டு காலணிகளை மீண்டும் மீண்டும் அழுத்தி, அதிர்ச்சி தாங்கும் திறன் எவ்வளவு குறைகிறது என்று அவர்கள் அளந்தார்கள். முதல் 50 மைலிலேயே அத்திறனில் கால்பங்கு போய்விடுகிறது. அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிறது. மனிதர்கள் அணிந்து ஓடிய காலணிகளோ 500 மைலுக்குப் பின்னும் தொடக்கத் திறனில் சுமார் 70 விழுக்காட்டைத் தக்கவைத்திருந்தன.

இதை நிதானமாக வாசியுங்கள். பெரிய இழப்பு நடப்பது தொடக்கத்தில், காலணி பளபளவென்று இருக்கும்போது. எண்ணூறாவது கிலோமீட்டரில் பாதாளம் எதுவும் இல்லை. இன்னொன்று, அவர்கள் அளந்தது நுரையின் நிலையை. ஓடுபவர்களின் முழங்கால் அங்கே அளக்கப்படவில்லை.

காலை அளந்தவர்களும் உண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரைப் புதிய காலணியிலும், அதையே 200 மைல் ஓடித் தேய்த்த பின்னும் ஓடவைத்துப் பார்த்தார்கள். காலணி தேய்ந்ததும் அவர்களின் கால் தரையில் தங்கும் நேரமும் சில மூட்டுக் கோணங்களும் சற்று மாறின. ஆனால் உடல்மீது விழும் விசைகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. நுரை இழந்ததை உடல் தன் அசைவால் ஈடுகட்டிவிட்டது. என் தரப்புக்கு இதுவே அடிப்படை. இதற்கு மீண்டும் வருகிறேன்.

அடுத்தது, கடைகளில் நடக்கும் பரிசோதனை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதற்கு ஆட்பட்டேன். பெயர் வேண்டாம். சென்னையில் ஒரு பெரிய கடை. ஓடுபொறியில் ஏற்றி, பின்னாலிருந்து படம் பிடித்து, உறையவைத்த படத்தில் கோடுகள் இழுத்து, என் பாதம் உட்புறமாகச் சாய்கிறது என்றார் பனியனில் கடையின் பெயர் பொறித்த இளைஞர். "ஓவர் புரோனேஷன் சார்." அதைத் தடுக்கும் கடினமான உட்புறத் தாங்கலோடு ஒரு ஜோடியைத் தந்தார். விலை பன்னிரண்டாயிரம். அதை அணிந்து ஓடிய இரண்டு மாதமும் வலது முழங்காலில் வலி. கழற்றி வைத்தேன், வலி போனது. என் ஒருவன் அனுபவம் சான்றாகாது என்று அறிவேன். ஆகவே பெரிய எண்களைப் பார்ப்போம்.

அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2009, 2010 ஆண்டுகளில் வெளியாயின. ஒரு சாராருக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற வகைக் காலணி, மறு சாராருக்குப் பாதம் எப்படியிருந்தாலும் ஒரே வகைக் காலணி. காயங்களின் அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு எந்தச் சிறப்புத் தாங்கலும் இல்லாத காலணியைக் கொடுத்து ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 2014இல் அச்சான அந்த ஆய்விலும், உட்சாய்வுள்ள பாதங்கள் கூடுதலாகக் காயமடையவில்லை. 2022இல் காக்ரேன் அமைப்பு 12 சோதனைகளை, 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. இவ்வகைக் காலணி காயத்தைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்பதே அதன் சாரம்.

அப்படியென்றால் காலணியில் எதுவுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். லக்சம்பர்க்கில் 848 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் மெத்தென்ற காலணி அணிந்தவர்களுக்குக் காயம் குறைவாகவே இருந்தது. அதே குழுவினரின் முந்தைய ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்த ஓட்டக்காரர்களுக்குக் காயமடையும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைந்திருந்தது. காலணி முக்கியம்தான். ஆனால் கடைக்காரர் இழுக்கும் கோட்டிலோ அட்டைப்பெட்டியின் விலையிலோ அந்த முக்கியத்துவம் இல்லை.

*

இனி நம் ஊருக்கு வருகிறேன். செங்கல்பட்டில் வாழ்ந்துகொண்டு காலணியைப் பற்றிப் பேசுபவர் திருமணியைக் கடந்து போகமுடியாது. திருமணியில் 1920களில் தொடங்கப்பட்ட லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லத்தை 1955இல் மத்திய அரசு ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆய்வு நிலையமாக்கியது. அதற்குமுன், நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி, அங்கே மருத்துவராக இருந்த ராபர்ட் காக்ரேன் வேலூரிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவரை அழைத்துவந்து நோயாளிகளைக் காட்டினார். வந்தவர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நோயாளி பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி உயிர் போனது. அந்தக் கையில் வலு இருந்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வுதான் இல்லை.

பிராண்டின் வாழ்நாள் ஆய்வு அங்கே தொடங்கியது. தொழுநோயாளியின் பாதப்புண்கள் சதை தானாக அழுகுவதால் வருபவை அல்ல என்று அவர் காட்டினார். ஒரே இடத்தில் மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான முறை விழுவதால் வருபவை அவை. நமக்கும் அதே அழுத்தம் விழுகிறது. நாம் என்ன செய்கிறோம்? களைத்த இடத்திலிருந்து எடையை மாற்றுகிறோம், நடையைச் சற்றுத் திருத்துகிறோம், லேசாக நொண்டுகிறோம். நமக்குத் தெரியாமலே இது நடக்கிறது. உணர்வற்ற பாதம் இதைச் செய்வதில்லை. முதல் அடியை வைத்தது போலவே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறது. அந்தப் பாதங்களுக்காகத்தான் எம்.சி.ஆர். என்று சொல்லப்படும் நுண்துளை ரப்பர் காலணிகள் உருவாயின. கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கடினமான அடி, மேலே அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான ரப்பர். கூடவே ஒரு விதி: ஒவ்வொரு நாளும் பாதத்தைக் கண்ணால் பார், கையால் தடவு, சூடாக இருக்கும் இடத்தைத் தேடு.

பார்க்காமல் இருக்க உரிமையற்றவர்களுக்கான விதி அது. உணர்வு செய்யவேண்டிய வேலையைக் கண்ணும் கணக்கும் செய்யவேண்டியிருப்பதால் வந்த விதி. ஓட்டக் காலணி வணிகமோ உணர்வுள்ள பாதத்திடம் வந்து, "நீ உணர்வதை நம்பாதே, என் கணக்கை நம்பு" என்கிறது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன். நல்ல பாதத்தை மரத்த பாதமாகக் கருதிக்கொள்ளச் சொல்லும் போதனை இது.

உண்மையிலேயே மரத்த பாதம் உடையவர்களுக்கோ இந்தக் கணக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. என்னை எச்சரித்த அந்த நண்பருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். சந்திப்புக்கு அடுத்த ஞாயிறு இருவரும் திருக்கழுக்குன்றம் சாலையில் ஓடினோம். ஓரத்தில் வெட்டிப் போட்டிருந்த சீமைக் கருவேல முட்களைத் தாண்டித்தான் போனோம். திரும்பிவந்து தேநீர்க் கடைப் பெஞ்சில் அவர் காலணியைக் கழற்றியபோது காலுறையில் இரத்தம். நுரையைத் துளைத்து முள் உள்ளே வந்திருந்தது. குறைந்தது மூன்று கிலோமீட்டர் அதன்மேலேயே ஓடியிருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் காலணி 200 கிலோமீட்டர்கூட ஓடாதது, கைபேசியில் கணக்கு வைத்திருந்தார். இத்தனை ஆண்டுகளில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்ததே இல்லை என்று அன்றுதான் சொன்னார்.

காயம் ஆறிவிட்டது. ஆனால் அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எண்ணூறு என்ற எண்ணை அவருக்குக் கற்றுத்தர எத்தனையோ பேர் இருந்தார்கள். தினம் பாதத்தைப் பார் என்ற திருமணியின் பாடத்தைச் சொல்ல ஒருவரும் இல்லை. அதைச் சொல்வதால் யாருக்கும் ஒரு ஜோடி விற்பதில்லை.

*

இதைப் படித்ததும் வெறுங்கால் அன்பர்கள் உற்சாகமடைவார்கள் என்று தெரியும். 2009இல் வெளியான கிறிஸ்டஃபர் மெக்டூகலின் நூலுக்குப் பிறகு நம்மிடையேயும் இது ஒரு மதமாகப் பரவியது. "நம் முன்னோர் செருப்பா போட்டார்கள்? மாமல்லபுரத்துப் பெருந்தவச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் பாருங்கள், பௌர்ணமியில் திருக்கழுக்குன்றம் மலை சுற்றுபவர்களைப் பாருங்கள்" என்பார்கள். 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற அபேபே பிகிலாவைச் சொல்வார்கள். நம் சிவநாத் சிங்கையும் சொல்வார்கள். வெறுங்காலோடு ஓடிப் பெயர் பெற்றவர் அவர். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி அவர் படைத்த தேசிய மாரத்தான் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. பிகிலா நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் காலணி அணிந்து ஓடினார். குடல்வால் அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தும் ரோமில் எடுத்ததைவிட மூன்று நிமிடம் குறைவாக எடுத்துக்கொண்டு மீண்டும் வென்றார். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. விரல் விரலாகப் பிரிந்த 'வெறுங்கால்' காலணியை விற்ற நிறுவனம், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கில் 2014இல் முப்பத்தேழரை லட்சம் டாலர் தந்து சமாதானமானது. வெறுங்காலையும் விலைக்கு விற்கமுடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, அதுவே முக்கியமானது. தமிழகத்தில் வெறுங்கால் என்பது எல்லாருக்கும் தேர்வாக இருந்ததில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பேரர்கள் இதே மாவட்டத்தில் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்களிடம் போய் வெறுங்காலின் மேன்மையைப் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். அதே மக்கள்தான் தோலைப் பதனிட்டார்கள், செருப்பைத் தைத்தார்கள். குரோம் தோல் ஆலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டை இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாலாற்றுக்கு அப்பால் செய்யாறு சிப்காட்டில் உலகப் புகழ்பெற்ற ஓட்டக் காலணிகளைத் தைப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களின் பெண்கள். நாம் பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கும் பொருள் நம் பக்கத்து ஊரிலேயே உருவாகக்கூடியது என்பதையாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

*

சரி, எதை வாங்குவது? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் நண்பரல்ல. நான் காலையில் ஓடும் மைதானத்தில் காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் ஒரு பையன். சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும். அவன் வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தான். அப்பா மாமல்லபுரத்தில் கல் கொத்துபவர். "அண்ணே, வட்டிக்கு வாங்கியாவது நல்ல ஷூ எடுத்துடலாமான்னு பாக்குறேன். அது இல்லன்னா கால் போயிடும்னு கோச்சிங்ல சொல்றாங்க" என்றான்.

அவனுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

பழைய காலணி இருந்தால் முதலில் அதைப் பார். மேசையில் வைத்துப் பின்னாலிருந்து நோக்கினால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, அடி ரப்பர் தேய்ந்து நுரை வெளியே தெரிகிறதா, குதிகாலைப் பிடிக்கும் பகுதி தளர்ந்துவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தால் மாற்றலாம். ஓடியபின் முன்பில்லாத ஒரு வலி வந்து, வேறு காலணியில் ஓடும்போது அது வராவிட்டால் கட்டாயம் மாற்று. எண் எதற்கும் உதவாதது அல்ல, பரிசோதிக்க நினைவூட்டும். அதற்கு மேல் அதிகாரம் அதற்கு வேண்டாம்.

தேய்ந்த விதத்தைக் கொண்டு உன் பாதத்துக்குக் குறையிருப்பதாக முடிவுகட்டாதே. நம் சாலைகள் மழைநீர் வழிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஒரே ஓரமாக ஓடுபவரின் இரு காலணிகளும் ஒன்றுபோலத் தேயாது. அலை நனைத்த மணற்கரையும் அப்படிச் சரிந்ததுதான். கடைக்காரர் பாதத்தின் நோயாகக் காட்டுவது பல நேரம் சாலையின் சாய்வு.

அகலத்தைப் பார். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் பாதங்கள் முன்பக்கம் விரிந்தவை. அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 இந்தியர்களின் பாதங்களை அளந்தது. அயல்நாட்டு அச்சுகளைவிட நம் பாதம் அகலமானது என்று கண்டு, 'பா' என்ற தனி அளவுமுறையைப் பரிந்துரைத்தது. அகலம் போதாததால் நம்மில் பலர் ஓர் எண் பெரிதாக வாங்கி, நீளத்தில் கால் வழுக்க ஓடுகிறோம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது கடைக்குப் போ. நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இரண்டு மூன்று வகைகளை மாற்றி அணிந்து கொஞ்சம் ஓடிப்பார். எது காலில் இருப்பதே மறந்துபோகிறதோ அதை எடு. கல்கரிப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு இத்துறையில் உழைத்த பென்னோ நிக் வந்து சேர்ந்த இடமும் ஏறத்தாழ இதுவே. பாதத்துக்கு எது இதமாக இருக்கிறதோ அதுவே நல்ல வழிகாட்டி.

பெட்டியில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், அதைப் படி. தள்ளுபடியில் வரும் பழைய சரக்கில் கவனம் தேவை. பாலியூரிதேன் நுரை ஈரக்காற்றில் தானாகச் சிதையும். நம் கடற்கரை ஊர்களில் ஓடாமலே அலமாரியில் பொடிந்துபோன காலணிகளை யார்தான் பார்த்ததில்லை?

2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரையான காலணிக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. உன் 1500 மீட்டருக்கு அந்த எல்லைக்குள்ளேயே போதுமானது கிடைக்கும். கடன் வேண்டாம். இதுவரை வெறுங்காலில் ஓடியிருக்கிறாய், ஆகவே முதல் சில வாரங்கள் கொஞ்ச தூரம் மட்டும் அதில் ஓடு, மீதியை மைதானத்து மண்ணில் பழையபடி ஓடு. மாற்றம் எதுவானாலும் கால் அதைக் கற்றுக்கொள்ள நாள் கொடு.

அவன் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ஜோடி வாங்கினான். தேர்வில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடனில்லை.

என்னுடைய காலணிக்கு வருகிறேன். அதைப் பரிசோதித்தேன். இடது அடியில் ரப்பர் முழுக்கத் தேய்ந்து நுரை தெரிந்தது. மாற்றவேண்டியதுதான். நண்பர் சரியாகவே சொன்னார், காரணம் மட்டும் தவறு. புதிதாக வாங்கியிருக்கிறேன். பழையதை எறியவில்லை. பேருந்து நிலையம் அருகே குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர் அறுபது ரூபாய்க்கு அடியில் ரப்பர் ஒட்டித் தைத்துக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் அதிலும் ஓடுகிறேன்.

நண்பர் இப்போது ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறார். கைபேசியில் கிலோமீட்டர் கணக்கையும் விடவில்லை. அதைப் பற்றி அடுத்த சந்திப்பில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.